பெட்டியில் வராத டாங்கி! போர்க்கள ஒட்டுவேலைகளை ஸ்கேல் மாடலில் துல்லியமாகக் கொண்டுவருவது எப்படி?

ரீல்ஸ் தள்ளும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். தலைக்கு மேல் கம்பிக் கூண்டு மாட்டிய டாங்கி, உடம்பு முழுக்கத் தகரக் கொட்டகை போர்த்திய டாங்கி என்று உக்ரைன் போரிலிருந்து வரிசையாக வீடியோக்கள் வந்தன. 2024-ல் வந்த அந்தக் கொட்டகை வண்டிக்கு 'ஆமை டாங்கி' என்றே பெயர் விழுந்துவிட்டது. கமென்ட்டில் பலரும் சிரித்தார்கள். ஸ்கேல் மாடல் செய்கிற ஆட்கள் மட்டும் சிரிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

ஸ்கேல் மாடல் புதுசு என்பவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நிஜ வண்டியை ஒரே விகிதத்தில் சுருக்கி, பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி, பெயின்ட் அடித்துச் செய்யும் பொழுதுபோக்கு இது. டாங்கிகளுக்கு உலகம் முழுக்கப் பிரபலமான அளவு 1/35. நிஜத்தில் 35 மில்லிமீட்டர் இருப்பது உங்கள் மேஜையில் 1 மில்லிமீட்டர். 5.84 மீட்டர் நீளமுள்ள ஷெர்மன் டாங்கி சுமார் 16.7 சென்டிமீட்டராகிக் கைக்குள் உட்கார்ந்துவிடும். ஏன் 35, வசதியாக 30 என்றோ 40 என்றோ வைத்திருக்கலாமே? ஜப்பானின் தமியா கம்பெனி 1960களின் தொடக்கத்தில் பேந்தர் டாங்கி மாடலைக் கொண்டுவந்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் வைக்க இடம் பார்த்ததில் அமைந்த அளவு அது. பேட்டரி சைஸ் முடிவு செய்த அளவைத்தான் இன்றுவரை எல்லோரும் பின்பற்றுகிறார்கள்!

கிட் பெட்டிக்குள் இருப்பது, ஃபேக்டரி வாசலைத் தாண்டிய அன்றைக்கு டாங்கி இருந்த கோலம். போர்க்களத்துக்குப் போன பிறகு அதன்மேல் என்னென்னவோ ஏறிவிடும். மணல் மூட்டை, மரப்பலகை, உடைந்த இன்னொரு டாங்கியிலிருந்து கழற்றிய செயின், கான்கிரீட் பூச்சு வரைக்கும். பெரும்பாலும் இதற்கெல்லாம் வரைபடம் கிடையாது. வெல்டிங் தெரிந்த ஒருத்தர், கையில் கிடைத்த இரும்பு, கொஞ்சம் அவகாசம், அவ்வளவுதான். அதை இத்தனை வருடம் கழித்து மேஜையில் உட்கார்ந்து சரியாகச் செய்யணும் என்றால் கொஞ்சம் துப்பறிய வேண்டும். தூத்துக்குடியிலிருந்து எழுதுவதால் உப்பும் துருவும் கட்டுரையில் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதைப் பார்த்துப் பயந்தார்கள்?

புதுசாக வருகிறவர்கள் எல்லோரும் போட்டோவைத் தேடித்தான் முதலில் ஓடுவார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்த வண்டிக்குள் இருந்தவர்கள் எதைப் பார்த்துப் பயந்தார்கள்? ஒட்டுவேலை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பயமோ, ஒரு பற்றாக்குறையோ கண்டிப்பாக இருக்கும். அது பிடிபட்டுவிட்டால் போட்டோவில் தெரியாத பக்கத்தையும் ஓரளவு ஊகித்துவிடலாம்.

1945 பிப்ரவரியில் ஐவோ ஜிமா தீவில் இறங்கிய அமெரிக்க மரைன் படையின் ஷெர்மன்களைப் பாருங்கள். சிலவற்றின் பக்கவாட்டில் நீளநீளமாக மரப்பலகை அடித்திருப்பார்கள். இரும்புக்கு மேல் மரமா, என்னப்பா இது என்று தோன்றும். ஜப்பானியச் சிப்பாய்கள் ஓடிவந்து காந்தக் கண்ணிவெடியை டாங்கி மேல் கையாலேயே ஒட்டிவிட்டுப் போவார்கள். மரத்தில் காந்தம் ஒட்டாது. பலகைக்கான காரணம் அதுதான். அதே வண்டிகளின் மேல்மூடிகளில் கம்பி வலைக் கூண்டோ, முனை மேலே நிற்கும்படி ஆணிகளோ வைத்திருப்பார்கள். மூடி மேல் வீசப்படும் வெடிமூட்டை இரும்பைத் தொடாமல் கொஞ்சம் உயரத்தில் தங்கிவிட வேண்டும் என்பது நோக்கம்.

இப்போது உங்கள் மேஜைக்கு வாருங்கள். டீ வடிகட்டியின் வலையை வெட்டி மூடியோடு ஒட்ட ஒட்டப் பதித்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தப்பு. இடைவெளி இல்லாத கூண்டால் அந்த மரைனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. வலைக்குக் கீழே கால் வைத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். போட்டோ மங்கலாக இருந்தாலும் காரணம் தெரிந்தவருக்கு இந்தத் தப்பு வராது.

இன்னொன்று, நார்மண்டி. 1944 ஜூனில் பிரான்ஸில் இறங்கிய அமெரிக்கர்களை வயல் வேலிகள் மறித்தன. நம்ம ஊர் உடைமர வேலி மாதிரி நினைத்துவிடாதீர்கள். பல நூற்றாண்டு வேர் பின்னிய மண்மேடுகள் அவை. டாங்கி அதன்மேல் ஏறினால் மூக்கு வானத்தைப் பார்க்கும், மெல்லிய அடிவயிறு எதிரிக்குத் தெரியும். கர்ட்டிஸ் கியூலின் என்ற சார்ஜென்ட், கடற்கரையில் ஜெர்மானியர்கள் நட்டுவைத்திருந்த தடுப்பு இரும்புகளை வெட்டிப் பல் பல்லாக டாங்கியின் மூக்கில் பற்ற வைத்தார். மேட்டில் ஏறாமல் குத்திக்கொண்டே உள்ளே புகுந்துவிடும். அது பரவலாக மாட்டப்பட்டது 1944 ஜூலையில். ஆகவே, அந்தப் பல் இருக்கிற டாங்கியை ஜூன் 6 கடற்கரைக் காட்சியில் கொண்டுபோய் வைத்தால் உங்கள் டயோராமா அங்கேயே படுத்துவிடும். கேஸ் வைத்து அறுத்த இரும்பு என்பதால் விளிம்புகள் கரடுமுரடாக இருக்க வேண்டும் என்பதையும் அந்தக் கதையே சொல்லிவிடுகிறது. பிளேடால் நறுக்கென்று வெட்டி விட்டுவிடாதீர்கள், லைட்டர் சூட்டில் லேசாகக் காட்டி விளிம்பை உருக்குங்கள்.

நம்ம ஷெர்மன்

இந்தியாவில் மாடல் செய்கிறவர்களுக்கு இதைவிட ருசியான விஷயம் கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1945-ல் பர்மாவின் மெய்க்டீலாவில் ஷெர்மன் டாங்கிகளோடு சண்டை போட்ட படைகளில் டெக்கான் ஹார்ஸ் ஒன்று. 20 வருடம் கழித்து, 1965 செப்டம்பரில், பஞ்சாபின் அசல் உத்தரில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகளை எதிர்த்து நின்றபோதும் அதே டெக்கான் ஹார்ஸிடம் இருந்தது ஷெர்மன்தான்.

இடைப்பட்ட காலத்தில் உலகம் மாறிவிட்டது. பாட்டனில் 90 மி.மீ. பீரங்கி. ஷெர்மனில் பழைய 75 மி.மீ. அதை வைத்துக்கொண்டு பாட்டனின் முன்பக்கக் கவசத்தை ஒன்றும் செய்ய முடியாது. புது டாங்கி வேண்டிய அளவுக்கு வாங்கப் பணமில்லை. அதனால் இந்திய ராணுவம் பழைய ஷெர்மன்களின் பீரங்கியை மட்டும் மாற்றியது. சிலவற்றில், பிரான்ஸின் ஏ.எம்.எக்ஸ்-13 டாங்கியில் இருந்த நீளமான 75 மி.மீ. பீரங்கி. சிலவற்றில், சோவியத்தின் பி.டி-76 என்ற நீந்தும் டாங்கியில் இருந்த 76 மி.மீ. பீரங்கி. அமெரிக்க உடம்பு, பிரெஞ்சு அல்லது ரஷ்யக் கை, உள்ளே இந்தியச் சிப்பாய். பனிப்போர் காலத்து அணிசேராக் கொள்கையை இவ்வளவு சுருக்கமாக வேறு எந்த வண்டியும் சொல்லாது.

இந்த இடத்தில்தான் மாடல்காரர்கள் வழுக்கி விழுவார்கள். அதே பிரெஞ்சு பீரங்கியை இஸ்ரேலும் தன் ஷெர்மன்களில் மாட்டியது. அந்த எம்-50 டாங்கிக்குக் கடையில் கிட் கிடைக்கிறது. "ஒரே பீரங்கிதானே, அதையே வாங்கி இந்தியப் பெயின்ட் அடிச்சிடலாம்" என்று கை துறுதுறுக்கும். இஸ்ரேலியர்கள் அந்த நீளப் பீரங்கிக்காக டரட்டின் (மேலே சுழலும் பகுதி) முன்பக்கத்தை நீட்டி, எடையைச் சமன் செய்யப் பின்பக்கத்தில் பெரிய இரும்புக் கட்டியைச் சேர்த்தார்கள். அது அவர்கள் கண்டுபிடித்த தீர்வு. பீரங்கி ஒன்று என்பதால் டரட்டும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இந்திய வண்டியின் போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் அந்த டரட்டை ஒட்டவே ஒட்டாதீர்கள்.

அடுத்த பொறி இதைவிட மோசம். 1965-ல் பாகிஸ்தானிடமும் ஷெர்மன்கள் இருந்தன. அவற்றிலும் 76 மி.மீ. பீரங்கி! ஆனால் அது அமெரிக்க 76. "1965 போர், ஷெர்மன், 76 மி.மீ." என்ற குறிப்போடு ஒரு போட்டோ வந்தால் அது யாருடைய வண்டி என்று எப்படிச் சொல்வீர்கள்? குழாயின் வாயில் இருக்கும் மஸில் பிரேக்கின் வடிவத்தையும், குழாய் டரட்டுக்குள் நுழையும் இடத்தில் உள்ள கவசத் தகட்டையும் பார்க்க வேண்டும். அசல் பி.டி-76-ன் தெளிவான போட்டோ ஒன்றைப் போனில் எப்போதும் வைத்திருங்கள். ஒப்பிட உதவும்.

உடம்பிலும் வித்தியாசம் உண்டு. ஷெர்மன் என்பது ஒரே வண்டியின் பெயர் அல்ல, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். எம்4ஏ1 வார்ப்பில் செய்தது, சோப்புக்கட்டி மாதிரி வளைவாக இருக்கும். பிரிட்டிஷ்காரர்கள் ஷெர்மன்-5 என்று அழைத்த எம்4ஏ4 தகடுகளை வெல்டிங் செய்தது, கொஞ்சம் நீளமும் அதிகம். நீளத்துக்கும் ஒரு பற்றாக்குறைதான் காரணம். டாங்கி என்ஜின் போதுமான அளவு கிடைக்காததால், கிறைஸ்லர் கம்பெனி ஐந்து கார் என்ஜின்களைச் சேர்த்துக் கட்டி 30 சிலிண்டர் கொண்ட ஒரே என்ஜினாக்கியது. அந்தப் பூதம் உள்ளே அடங்க உடம்பை நீட்ட வேண்டியதாயிற்று. சக்கர ஜோடிகளுக்கு நடுவே இடைவெளி அதிகமாகத் தெரிந்தால் அது எம்4ஏ4. ஒரு விரல் இடைவெளியை வைத்து என்ஜினையே சொல்லிவிடலாம்!

போட்டோவிடம் குறுக்கு விசாரணை

நல்ல பழைய போட்டோக்களுக்கு லண்டனின் இம்பீரியல் வார் மியூசியம், ஆஸ்திரேலியப் போர் நினைவகம், அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் ஆகியவற்றின் இணையத் தொகுப்புகளில் தேடுங்கள். பர்மா போர்முனையில் இந்தியப் படைகளை எடுத்த போட்டோக்கள் லண்டன் தொகுப்பில் நிறைய உண்டு. தேடும்போது டாங்கியின் பெயரை மட்டும் போடாமல், ஊர், மாதம், ரெஜிமென்ட் பெயர் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். போட்டோவுக்குக் குறிப்பு எழுதியவர் டாங்கி நிபுணராக இருந்திருக்க மாட்டார். அவருக்கு ஊர் தெரியும், தேதி தெரியும், வண்டியை வெறும் 'டாங்கி' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

கிடைத்த போட்டோவை அப்படியே நம்பிவிடாதீர்கள். முதலில் அது இடம் வலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பத்திரிகைகளில் நெகட்டிவ் திரும்பிப்போவது சகஜம். ஷெர்மனில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். டாங்கிக்குள் உட்கார்ந்து முன்னால் பார்த்தால் டிரைவர் இடது பக்கம், உடம்பின் முன்புற மெஷின் கன் வலது பக்கம். போட்டோவில் இது மாறியிருந்தால் போட்டோவைத் திருப்புங்கள். எழுத்தோ எண்ணோ கண்ணில் பட்டால் இன்னும் சுலபம்.

அடுத்து, கலர். இணையத்தில் சுற்றும் பாதி 'கலர்' போட்டோக்கள், கறுப்பு வெள்ளைக்கு ஏ.ஐ. பூசிய மேக்கப். அந்தப் பச்சையை நம்பிப் பெயின்ட் கலக்காதீர்கள். அசல் கறுப்பு வெள்ளையிலும் ஏமாற்று உண்டு. அந்தக் காலத்து ஃபிலிம் வகை ஒன்று சிவப்பைக் கிட்டத்தட்டக் கறுப்பாகவும், நீலத்தை வெளுப்பாகவும் காட்டும். இன்னொரு புதுத் தொல்லை, முழுக்க ஏ.ஐ. வரைந்த டாங்கிகள். சக்கரத்தை எண்ணுங்கள். ஷெர்மனில் ஒரு பக்கத்துக்கு மூன்று ஜோடி, ஆறு சக்கரம். ஏ.ஐ.க்கு எண்ணத் தெரியாத நாட்களில் ஏழும் வரும், ஐந்தரையும் வரும்.

இனி அளவு. பலகை எவ்வளவு அகலம், கூண்டு எவ்வளவு உயரம் என்பதைப் போட்டோவிலிருந்தே எடுக்கலாம். ஷெர்மனின் சக்கர விட்டம் 20 அங்குலம், கிட்டத்தட்ட 51 சென்டிமீட்டர். போனில் போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். சக்கரம் 60 பிக்சல், பலகை 30 பிக்சல் என்றால் பலகை அகலம் சுமார் 25.5 சென்டிமீட்டர். 35-ஆல் வகுத்தால் 7.3 மில்லிமீட்டர். முடிந்தது கணக்கு. சக்கரம் தெரியாத போட்டோ என்றால் ஜெர்ரி கேனைத் தேடுங்கள். அந்த 20 லிட்டர் கேனின் உயரம் சுமார் 47 சென்டிமீட்டர், உலகப்போர் போட்டோக்களில் எங்கேயாவது ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். ஒரே நிபந்தனை, அளவுகோலும் அளக்கிற பொருளும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். முன்னால் இருக்கும் சக்கரத்தை வைத்துப் பின்னால் இருக்கும் கூண்டை அளந்தால் கூண்டு குட்டியாகிவிடும்.

தடிமனையும் மறக்காதீர்கள். 12 மி.மீ. இரும்புத் தகடு 1/35-ல் 0.34 மி.மீ.தான். ஒரு மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி 'கவசம்' என்று ஒட்டினால், 3.5 சென்டிமீட்டர் தடிமனான தகட்டை ஒட்டியதாக அர்த்தம். அதைச் சுமந்துகொண்டு சாதாரண லாரி நகரவே நகராது!

நேரில் போய்ப் பார்க்கலாமா?

போகலாம், போக வேண்டும். மகாராஷ்டிராவின் அகமத்நகரில் (இப்போது அகில்யாநகர்) ராணுவத்தின் கவசப்படைப் பயிற்சி மையம் 1994-ல் தொடங்கிய டாங்கி மியூசியம் இருக்கிறது. முதல் உலகப்போர் காலத்து வண்டியிலிருந்து, போரில் பிடிபட்ட பாட்டன் வரைக்கும் ஒரே வளாகத்தில் பார்க்கலாம். தமிழ்நாட்டுக்காரர்களுக்குப் பரிச்சயமான விஜயந்தாவும் உண்டு. 1960களில் சென்னையை அடுத்த ஆவடியில் தயாராகத் தொடங்கிய டாங்கி அது. பிற்பாடு அதன் உடம்பை நீட்டி, டரட்டை எடுத்துவிட்டு, சோவியத் 130 மி.மீ. நீளப் பீரங்கியை வைத்து 'கேடபல்ட்' என்று ஒரு வண்டி செய்தார்கள். மேலே ஷெட் போட்ட மாதிரி இரும்புக் கூரை இருக்கும். ஆமை டாங்கிக்கு முன்னாலேயே நம்ம ஊரில் கூரை போட்டுவிட்டார்கள் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

ஆனால் மியூசிய வண்டியும் பொய் சொல்லும். சந்திப்புகளிலும் கல்லூரி வாசல்களிலும் நிற்கும் டாங்கிகளுக்கு அடிக்கடி பளபளவென்று புதுப் பெயின்ட் விழும். குழந்தைகள் உள்ளே விழுந்துவிடக் கூடாது என்று மூடிகளைப் பற்ற வைத்திருப்பார்கள். காணாமல்போன விளக்குக்குப் பதில் எங்கிருந்தோ ஒரு லாரி விளக்கு வந்திருக்கும். அதனால் அளவை மியூசியத்தில் எடுங்கள், பூட்டுவேலையையும் நிறத்தையும் போர்க்கால போட்டோவில் எடுங்கள். போனில் எடுக்கும்போது கிட்டப் போய் வைட் லென்ஸில் எடுக்காதீர்கள், விளிம்பெல்லாம் வளைந்துவிடும். பத்தடி பின்னால் போய் 2எக்ஸ் ஜூமில் எடுங்கள். நண்பர் கையில் ஒரு ஏ4 தாளைக் கொடுத்து வண்டியை ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். 29.7 சென்டிமீட்டர் அளவுகோல் தயார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ராணுவ வளாகம், துறைமுகம், பாதுகாப்புத் தொழிற்சாலை வாசல்களில் 'ரெஃபரன்ஸ்' என்று போனைத் தூக்காதீர்கள். நம்ம துறைமுகத்துக்கும் இது பொருந்தும். அனுமதி உள்ள இடத்தில் மட்டும் எடுங்கள். ஒரு மாடலுக்காகப் போலீஸ் ஸ்டேஷனில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கடலுக்கு அந்தப் பக்கம்

தமிழர் வாழும் நிலத்தில் நடந்த போரின் ஒட்டுவேலை ஒன்று, மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம், ஆனையிறவில் நிற்கிறது. 1991 ஜூலையில் ஆனையிறவு ராணுவ முகாமை விடுதலைப் புலிகள் முற்றுகையிட்டபோது, புல்டோசர் ஒன்றுக்கு இரும்புத் தகடுகளால் கவசம் கட்டி முகாமை நோக்கி ஓட்டினார்கள். காமினி குலரத்ன என்ற இலங்கைச் சிப்பாய் கையெறி குண்டுகளோடு அதன்மேல் ஏறி அதை நிறுத்தினார், அங்கேயே இறந்தார். இலங்கையின் மிக உயரிய போர் விருதான பரம வீர விபூஷணய அவருக்கு வழங்கப்பட்டது. அந்த புல்டோசர் இன்று ஏ9 சாலையோரம் ராணுவ நினைவிடமாக இருக்கிறது.

நாம் முதலில் கேட்ட கேள்வியை இங்கேயும் கேளுங்கள். ஏன் புல்டோசர்? ஆனையிறவைப் பார்த்தால் தூத்துக்குடிக்காரருக்கு உடனே புரியும். முள்ளக்காடு பக்கம் நிற்கிற மாதிரிதான் இருக்கும். நீரேரி, உப்பளம், வெட்டவெளி. ஒளிய ஒரு மரம் கிடையாது. பதுங்குகுழிகளை நோக்கி அந்த வெளியைக் கடக்க வேண்டியவர்களிடம் டாங்கி இல்லை. சாலை போடும் வண்டி இருந்தது. ஆகவே, கவசம் எந்தப் பக்கம் முக்கியமாக இருந்திருக்கும், டிரைவர் எதன் வழியாக வெளியே பார்த்திருப்பார் என்பதையெல்லாம் நிலமே சொல்லத் தொடங்கும். எந்த கம்பெனி புல்டோசர் என்பதைக் கண்டுபிடிக்க, செயினுக்குள் இருக்கும் உருளைகளை எண்ணி, முன்பக்க பிளேடின் வடிவத்தைப் பார்த்து, அந்தக் காலத்துத் தயாரிப்புகளோடு ஒப்பிட வேண்டும். பழைய ஜே.சி.பி., டோசர் ரிப்பேர் செய்யும் மெக்கானிக்குகள் இதில் பெரிய மியூசியங்களைவிட உதவியாக இருப்பார்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 1991-க்கும் இன்றைக்கும் நடுவே அந்த முகாம் இருமுறை கைமாறியது. 2000 ஏப்ரலில் புலிகளிடம் விழுந்தது, 2009 ஜனவரியில் ராணுவம் திரும்பக் கைப்பற்றியது. அவ்வளவு காலம் உப்புக் காற்றில் நின்ற இரும்பு அது. ஓட்டை தோட்டாவால் வந்ததா, குண்டுவெடிப்பில் வந்ததா, துருவால் வந்ததா என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெடிப்பில் கிழிந்த தகடு பூ மாதிரி ஒரு பக்கம் விரிந்திருக்கும். துரு தின்ற விளிம்பு அரித்த காகிதம் மாதிரி மெலிந்து உதிரும். நினைவிடத்தில் பார்க்கிற கோலத்தை அப்படியே செய்தால் அது நினைவிடத்தின் மாடல். 1991 ஜூலையின் மாடல் வேண்டுமென்றால் பிந்தைய பெயின்டையும் துருவையும் மனசுக்குள் கழித்துப் பார்க்க வேண்டும்.

2011-ல் தூத்துக்குடி - கொழும்பு பயணிகள் கப்பல் சில மாதம் ஓடி நின்றுபோனது. இப்போது போவதென்றால் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் இருக்கிறது, வானிலையைப் பார்த்துத்தான் ஓடும். போனால் ஒன்று நினைவில் இருக்கட்டும். அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். நினைவிடத்துக்கு வருகிற சிங்களக் குடும்பத்துக்கு அது ஒரு வீட்டுப் பிள்ளையின் கதை, பக்கத்து ஊரிலிருந்து பஸ்ஸில் கடந்துபோகிற தமிழ்க் குடும்பத்துக்கு வேறொரு பிள்ளையின் கதை. அங்கே அளவு நாடாவை நீட்டுவதற்கு முன் காவலுக்கு நிற்பவரிடம் கேளுங்கள், மேலே ஏறாதீர்கள், செல்ஃபி வேண்டாம். இந்தியாவில் தடை செய்யப்பட்ட இயக்கத்தின் வண்டி என்பதையும் மறக்காதீர்கள். கொடி, கோஷம் எதுவும் இல்லாமல் இடம், மாதம், வருடம் மட்டும் எழுதிய அட்டையோடு வைத்தால் போதும். என்னைக் கேட்டால், இப்படிப்பட்ட மாடலில் ஒரு பொம்மை மனிதரைக்கூட வைக்க வேண்டாம். அந்தத் தகடுகளே போதும்.

உப்பு விற்கிற ஊரில் துரு

வேலை மேஜைக்குத் திரும்புவோம். மாடல் உலகத்தில் பெயின்ட் உரிந்த மாதிரி காட்ட ஒரு பழைய டெக்னிக் உண்டு. அதற்குத் தேவையான பொருள், உப்பு! முதலில் துரு நிறத்தை அடித்து, மேலே ஒரு கோட் வார்னிஷ். காய்ந்ததும் லேசாகத் தண்ணீர் தெளித்து, உரிய வேண்டிய இடங்களில் உப்பைத் தூவுங்கள். உப்பு ஒட்டிக் காய்ந்ததும் மேலே டாங்கியின் பச்சையை ஸ்பிரே செய்யுங்கள். அதுவும் காய்ந்த பிறகு முரட்டு பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு உதிர்ந்து அடியில் இருக்கும் துரு எட்டிப் பார்க்கும்.

எந்த உப்பு? கணக்குப் போடுங்கள். 4 மி.மீ. கல் உப்பு நிஜ வண்டியில் 14 சென்டிமீட்டர் உரிசலாகத் தெரியும். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்த டாங்கியா? தூள் உப்பைச் சல்லடையில் சலித்து அரை மி.மீ.க்குக் கீழே எடுத்தால் சரியாக இருக்கும். துளை அளவு மாறும் சல்லடைகளில் சலித்து முத்தைத் தரம் பிரித்த கரையில் இருந்துகொண்டு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? முடிந்ததும் வெந்நீரில் நன்றாகக் கழுவிவிடுங்கள். ஒரு துளி உப்பு தங்கினாலும் நம்ம ஊர் ஈரக்காற்றில் வார்னிஷுக்கு அடியில் வெள்ளையாகப் பூத்துவிடும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் ஆபத்து இருக்கிறது. கண்ணுக்கு எதிரே எப்போதும் துரு. பழைய துறைமுகத்தில் தோணியின் நங்கூரத்தைப் பார்க்கிறோம், மீன்பிடித் துறைமுகத்தில் சங்கிலிகளைப் பார்க்கிறோம், அதே கையோடு பஞ்சாப் டாங்கிக்கும் அப்படியே துருவை வாரிப் பூசிவிடுகிறோம். ஓடிக்கொண்டிருந்த டாங்கி அப்படித் துருப்பிடிக்காது. குழு தினமும் தொட்டுத் துடைக்கும் வண்டி அது. ஏறி இறங்கும் இடங்களில் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளக்கும், அவ்வளவுதான். தீப்பிடித்து எரிந்த டாங்கி வேறு கதை. பெயின்ட் எரிந்துபோன வெற்று இரும்பு சில நாட்களிலேயே செம்மண் நிறத்துக்கு வந்துவிடும்.

அசல் உத்தருக்குத் துருவைவிடச் சேறுதான் முக்கியம். இந்தியப் படை கால்வாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு வயல்களைச் சேறாக்கியது. பாட்டன்கள் அதில் மாட்டின. ஷெர்மனும் செஞ்சூரியனும் கரும்புக் காட்டுக்குள் மறைந்து நின்றன. அதனால் செயினிலும் சக்கரங்களிலும் காயாத வண்டல் சேறு, மேலே காய்ந்த தூசி. நிறத்துக்கு நம்ம தேரிக்காட்டுச் செம்மணலை எடுத்துவிடாதீர்கள். பஞ்சாப் வண்டலுக்குச் சாம்பல் கலந்த பழுப்பு வேண்டும்.

இவ்வளவு தேடியும் டாங்கியின் ஒரு பக்கம் எந்த போட்டோவிலும் கிடைக்கவில்லையா? ஒரு சின்ன நோட்டில் மூன்று நிறப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். போட்டோவில் பார்த்தது நீலம், காரணத்தை வைத்து ஊகித்தது பச்சை, சும்மா அழகுக்குச் சேர்த்தது சிவப்பு. சிவப்பு அதிகமானால் அதைக் குறைக்கும் வழியைத் தேடுங்கள். ஒரு வழி, தெரியாத பக்கத்தைக் கரும்புக் காட்டுக்குள் தள்ளிவிடுவது! அன்றைக்கு அந்த டாங்கிகள் நின்றதும் அங்கேதான், யாரும் குறை சொல்ல முடியாது. மூன்று மீட்டர் கரும்பு 1/35-ல் எட்டரை சென்டிமீட்டர் வரும். பனை நாரை மெல்லிசாகக் கிழித்துத் தண்டு, பச்சை க்ரீப் காகிதத்தில் நீளமாக இலை, கணுவுக்கு ஒரு சுற்று தையல் நூல். செப்டம்பர் மாதக் கரும்பு என்பதால் அடி இலைகள் சிலவற்றை மட்டும் மஞ்சளாக்குங்கள்.